வலது தொடைக்கு மட்டும் ஒரு மசாஜ் கன்

மசாஜ் கன் என்பது கையில் பிடித்துக்கொண்டு, முனையில் ஒரு தலையை மாட்டி, தசையைப் படபடவென்று தட்டுகிற பாட்டரி இயந்திரம். விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்: 2,799 ரூபாய். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் இணையத்தில் வாங்கி அனுப்பினான். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் யாருக்கும் பயனில்லை. இதே கைப்பிடி, இதே சாம்பல் நிறம், இதே நான்கு தலைகளோடு குறைந்தது ஏழெட்டுப் பெயர்களில் இந்த இயந்திரம் கண்ணில் பட்டது. ஒட்டுத்தாள் மட்டும்தான் வேறு வேறு. ஆகவே இந்த விலைக்குக் கிடைக்கும் இந்த வகை இயந்திரம் எப்படி என்று எழுதுகிறேன். எந்தப் பெயரில் வாங்கினாலும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நான் கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடம் ஆகிறது. கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார், போர்வெல் மோட்டார் என்று எரிந்து கருகி வருகிறவற்றைப் பிரித்து, பழைய காயிலை உருவிப் போட்டு, புதிதாகச் சுற்றிக் கொடுப்பது தொழில். சுற்றுகிற பொருள் எதுவானாலும் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இதையும் கழற்றிவிட்டேன். வாரண்டி போயிற்று. அந்தக் கதை பின்னால் வருகிறது. வயது 51, எடை 72 கிலோ. நாள் முழுதும் முக்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. உடற்பயிற்சி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

அப்படிப்பட்டவன் மார்ச் மாத நடுவில் ஒரு சனிக்கிழமை இரவு வெள்ளியங்கிரி ஏறினேன். மலைக்குப் போகிறேன் என்று சொன்னதுமே மகன் இந்த இயந்திரத்தை அனுப்பிவிட்டான். "வந்ததும் தேவைப்படும் அப்பா" என்றான். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினோம். நான், பக்கத்து லேத் பட்டறைக்காரர், அவருடைய மைத்துனர். முதல் மலையின் படிகளிலேயே மூச்சு முட்டியது. ஒரு வழிக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் ஏழு மலை. பத்துப் படிக்கு ஒரு முறை நின்று, சுனைத் தண்ணீர் குடித்து, முன்னால் போகிறவர்களின் டார்ச் வெளிச்சம் தலைக்கு மேலே எங்கோ ஊர்வதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஒரு வழியாக விடியற்காலையில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். பாறைக் குகைக்குள் சுவாமி தரிசனம். வெளியே காற்று ஆளைத் தள்ளியது. திரும்பும்போது பட்டறைக்காரர் சொன்னார்: "இனி என்னங்க, இறக்கம்தானே."

அந்த ஒரு வாக்கியத்தை நான் நான்கு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறங்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. மூச்சு வாங்கவே இல்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தோம். பாதி வழி தாண்டியதும், நின்றால் தொடை தானாக நடுங்கியது, பேரிங் போன மோட்டார் மேஜையோடு சேர்ந்து அதிர்வதைப் போல. கடைசிப் படிகளைத் தடியில் சாய்ந்து பக்கவாட்டில் இறங்கினேன். திங்கட்கிழமை காலை பரவாயில்லை, கொஞ்சம் இறுக்கம் மட்டும். நானும் தேறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமைதான் கணக்கைத் தீர்த்தது. எங்கள் கடைக்கு மூன்று படி. காலையில் எப்படியோ ஏறிவிட்டேன். டீ குடிக்க இறங்க முடியவில்லை. திரும்பி நின்று, ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குகிறவனைப் போலப் பின்பக்கமாக இறங்கினேன். கடைப் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் மோட்டார் ஒன்றின் பின்னால் குனிந்து எதையோ தேடினான்.

பெட்டிக்குள் இருந்த கையேட்டை அன்று மாலைதான் ஒழுங்காகப் படித்தேன். தடித்த எழுத்தில் மூன்று வாக்குறுதிகள். தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும். தசை குணமாகும் காலத்தைப் பாதியாகக் குறைக்கும். 12 மில்லிமீட்டர் ஆழ அசைவு, நிமிடத்துக்கு 3,200 தட்டு.

என் தங்கை மகள் பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். கையேட்டைப் படம் எடுத்து அனுப்பி, என் நிலைமையையும் எழுதினேன். உடனே போனில் கூப்பிட்டாள். நலம்கூட விசாரிக்கவில்லை. "மாமா, சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது?" என்றாள். வழக்கமான நிறம்தான் என்றேன். பால் விடாத டீ நிறத்தில் போனால் எந்த இயந்திரத்தையும் தொடாமல் நேராக மருத்துவமனைக்கு வரவேண்டும் என்றாள். தசை அளவுக்கு மீறி உடைந்தால் அதிலிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாம். கையேட்டின் முப்பத்திரண்டு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கு அந்தப் பயம் தீர்ந்த பிறகுதான் அவள் வாக்குறுதிகளுக்கு வந்தாள்.

"முதல் வரியே தப்பு மாமா."

வேகமாக ஓடினாலும் கனம் தூக்கினாலும் தசையில் லாக்டேட் (உடம்புக்குள் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்) சேரும், அது உண்மை. ஆனால் ஓய்ந்து உட்கார்ந்த பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பழையபடி இறங்கிவிடுகிறது. இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஈரல் மீண்டும் சர்க்கரையாக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே காலியாகிவிட்ட சரக்கைச் செவ்வாய்க்கிழமை மாலை ஒரு இயந்திரம் எப்படி வெளியேற்றும்? தசையின் வெப்பத்தையும் லாக்டிக் அமிலத்தையும் ஆராய்ந்ததற்காக ஆர்ச்சிபால்டு ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு இருபது வருடம் முன்பே, 1902-இல், அமெரிக்காவில் தியோடர் ஹஃப் என்பவர், மறுநாள் வரும் வலி களைப்பினால் வருவதல்ல, தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களால் வருவது என்று எழுதிவிட்டார். நூறு வருடத்துக்கு மேலாகியும் கையேடு எழுதுகிறவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

ஏறும்போது உயிர் போனது, ஆனால் வலியைக் கொடுத்தது இறக்கம். இது ஏன் என்று அவள் விளக்கியபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது, ஏனென்றால் நாங்கள் கனம் தூக்கி இறக்கும் ஹாய்ஸ்ட் மோட்டாரும் பழுது பார்க்கிறோம். கனத்தை மேலே தூக்கும்போது மோட்டார் கரண்டை இழுக்கும், சூடாகும். கீழே இறக்கும்போது கரண்ட் குறைவு. ஆனால் பிரேக் லைனிங் தேய்வது அப்போதுதான். தொடையும் அப்படியே. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது முழங்கால் மடங்க மடங்க அதே தசை இழுபட்டு நீள்கிறது. நீண்டுகொண்டே, நாம் உருண்டு விழாதபடி 72 கிலோவையும் பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பிரேக்.

1952-இல் இங்கிலாந்தில் இதை அழகாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆபட், பிக்லண்டு, ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் அந்த மிதியை எதிர்த்துத் தடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசைதான். ஆனால் தடுத்தவருக்கு, மிதித்தவரைவிட மிகக் குறைந்த ஆக்சிஜனே செலவாயிற்று. இறங்கும்போது எங்களால் ஊர்க்கதை பேச முடிந்தது இதனால்தான். அதே விசையைக் குறைவான தசை இழைகள் தாங்குவதால் ஒவ்வொரு இழைக்கும் இழுப்பு அதிகம். இழைக்குள் சங்கிலிக் கண்ணிகளைப் போல வரிசையாக அலகுகள். ஒரு கண்ணியின் நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர். இழுப்பு மிஞ்சினால் வரிசையில் பலம் குறைந்த கண்ணிகள் பிய்ந்துகொள்கின்றன. 1981-இல் ஸ்வீடனில் சிலரை மாடிப்படியில் மீண்டும் மீண்டும் இறங்க வைத்து, கெண்டைக்கால் தசையில் சிறு துணுக்கு எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கண்ணிகளைப் பிரிக்கும் கோடுகள் நேராக இல்லாமல் கலைந்து கோணிக் கிடந்தன. ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் தொடைக்குள்ளும் அதுதான் நடந்திருக்கும்.

என் தொழிலில் எரிந்த வைண்டிங் தானாகச் சுற்றிக்கொண்டதாக வரலாறு இல்லை. தசை சுற்றிக்கொள்கிறது. முதல் சில மணி நேரத்திலேயே வெள்ளணுக்களில் ஒரு வகை வந்து உடைந்ததைத் தின்னத் தொடங்குகிறது. ஒன்றிரண்டு நாளில் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய வகை வந்து மிச்சத்தை அள்ளுகிறது. இழையின் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் துணைச்செல்கள் விழித்துப் பெருகி, இழையோடு ஒன்றிவிடுகின்றன. 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளைத் தசையில் இந்தச் செல்களைக் கண்டு சொன்னார். இந்தச் சுத்தம் செய்யும் வேலையின் வீக்கமும் அப்போது சுரக்கும் பொருட்களும்தான் நரம்பு முனைகளைக் கூச வைக்கின்றன. வலி உடனே வராமல் இரண்டாம் நாள் வருவதற்கு இதுதான் காரணம் என்றாள். கருகிய காயிலை உருவாமல் புதுக் காயில் சுற்ற முடியாது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் காயிலை உருவும்போது மோட்டார் முனகுவதில்லை.

அப்படியானால் இந்த இயந்திரம் எதைத்தான் செய்கிறது? சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எனக்கு இரண்டு தொடை இருக்கிறது. ஒன்றுக்குத் தட்டுவேன், இன்னொன்றுக்குத் தட்டமாட்டேன். பழைய ஜாப் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் "வலது", "இடது" என்று இரண்டு பத்தி கிழித்துக்கொண்டேன். கடை முக்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவேன். ஒவ்வொரு தொடைக்கும் பத்துக்கு எத்தனை வலி என்று எழுதுவேன்.

செவ்வாய் இரவு, தட்டுவதற்கு முன் வலது 8, இடது 8. நடு வேகத்தில், உருண்டைத் தலையை மாட்டி, வலது தொடையில் மட்டும் ஐந்து நிமிடம். எழுந்தேன். வலது 5, இடது 8. என்னை அறியாமல் "அட!" என்றுவிட்டேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த நிமிடம் யாராவது கேட்டிருந்தால் இந்த மதிப்புரைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வலது 7. படுக்கப் போகும்போது மீண்டும் 8. புதன் காலை இரண்டும் 7. தட்டிய பின் வலது 4. மத்தியானம் மீண்டும் 7. வியாழன் இரண்டும் 5. வெள்ளி இரண்டும் 2. சனிக்கிழமை எது தட்டிய கால், எது தட்டாத கால் என்று கார்டைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை. ஒற்றைக் காலில் எழ முயன்றபோது இரண்டும் ஒரே மாதிரி ஏமாற்றின. வலி போன பிறகும் பலம் திரும்பவில்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. தங்கை மகளுக்குப் பழைய செய்தி: வலியும் சேதமும் ஒன்றையொன்று பின்தொடர்ந்து போவதில்லையாம், வலி குறைந்ததும் தசை தயார் என்று நினைத்து மீண்டும் கனம் தூக்குகிறவர்கள்தான் அவளிடம் வருகிறார்களாம். என் கார்டைப் பார்த்துச் சிரித்தாள். ஒரே ஆளின் இரண்டு காலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஒரு பக்கம் தட்டினால் நரம்பு வழியாக அடுத்த பக்கமும் கொஞ்சம் அடங்கலாம் என்றாள். சரி. ஆனால் "பாதிக் காலத்தில் குணம்" என்று எழுதியவர்கள் என்னைவிட அதிகக் கால்களை வைத்துப் பார்த்ததற்கான அறிகுறியும் கையேட்டில் இல்லை.

ஐந்து நிமிடச் சுகம் மட்டும் பொய்யில்லை. முட்டியை மேஜையில் இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்க்கிறோமே, அதே விஷயம். தொடுதலும் அதிர்வும் கொண்டுபோகும் செய்தி முதுகுத்தண்டில் வலிச் செய்தியை முந்திக்கொண்டு கதவை அடைக்கிறது. ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் 1965-இல் சொன்ன கருத்து. கதவு திறந்ததும் வலி உள்ளே வந்துவிடும்.

இனி என் துறைக்கு வருகிறேன்.

தலை முன்னும் பின்னும் போய்வரும் தூரம்தான் இந்த வகை இயந்திரத்தின் உயிர். பெட்டியில் 12 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். 8. மீண்டும் அளந்தேன். 8.1. விலை உயர்ந்தவற்றில் இது 16 வரை இருக்கும். 8 என்றால் தசையைத் தட்டுவதைவிடத் தோலை அதிர வைப்பதுதான் அதிகம். சவரக்கடையில் தலைக்கு வைப்பார்களே, அந்தப் பழைய அதிர்வுப் பெட்டிக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

வேகத்தை டாக்கோமீட்டரில் பார்த்தேன். தண்டில் வெள்ளி ஒட்டுத்தாள் ஒரு துண்டு ஒட்டினால் போதும், கருவி எண்ணிவிடும். ஆறாவது வேகத்தில் காற்றில் ஓடும்போது 2,900. இதை மன்னிக்கலாம், பத்து சதவீதத்துக்குள் பொய் சொல்லாத பெயர்ப் பலகையை நான் பார்த்ததே குறைவு. தொடையில் அழுத்தினால் 2,100-க்கு விழுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நின்றேவிடுகிறது. நிற்பதும் நல்லதற்குத்தான் என்பேன், அளவுக்கு மீறி அழுத்துகிற நம் ஆட்களின் கையைப் பார்க்கும்போது.

மூன்றாவது வாரம் "டக் டக்" என்று ஒரு சத்தம் கூடச் சேர்ந்தது. இந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. எங்கோ ஆட்டம் வந்துவிட்டது. கைப்பிடி ரப்பரின் அடியில் ஒளித்து வைத்திருந்த ஐந்து திருகாணியைக் கண்டுபிடித்துத் திறந்தேன். மோட்டார், சொல்ல வேண்டும், நன்றாக இருக்கிறது. பிரஷ் இல்லாத வகை. காயில் சுத்தமாகச் சுற்றியிருந்தது, வார்னிஷ் சரியாகப் பிடித்திருந்தது. யாரோ தொழில் தெரிந்தவர் கை. கேவலம் எல்லாம் அதற்கு மேலே. மோட்டாரின் சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றுகிற இணைப்புக் கம்பி பிளாஸ்டிக். அதில் இறங்கும் முள் இரும்பு. பிளாஸ்டிக்குக்குள் இரும்பு நிமிடத்துக்கு இரண்டாயிரம் முறை ஆடினால் ஓட்டை பெரிதாகாமல் என்ன செய்யும்? கிரீஸ் வைத்ததாகப் பெயருக்கு ஒரு தடயம். நான் அந்த ஓட்டைக்கு ஒரு பித்தளை வளையம், புஷ் என்போம், கடைந்து வாங்கி இறக்கி, கிரீஸ் வைத்து மூடிவிட்டேன். லேத் பட்டறைக்காரர் காசு வாங்கவில்லை, "இறக்கம்தானே" என்று சொன்ன பாவத்துக்கு. சத்தம் போய்விட்டது. உங்களுக்குப் பக்கத்தில் லேத் இல்லையென்றால் இந்தச் சத்தத்தோடுதான் வாழ வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் லித்தியம் செல்களை மட்டும் யாரும் நோண்ட வேண்டாம், நானே தொடவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், 8 மில்லிமீட்டர் விஷயமாக, வெர்னியர் படத்தோடு. "தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தமைக்கு நன்றி" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

தலைகளில் உருண்டை ஒன்றே போதும். தட்டை பரவாயில்லை. கூர்முனைத் தலை எதற்கென்று இதுவரை புரியவில்லை. கவைத் தலையை முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வைத்துப் பார்த்து ஒரு நாள் முழுக்க அனுபவித்தேன். எலும்பின் மேல், முதுகுத்தண்டின் மேல், கழுத்தின் முன்பக்கத்தில் இதை வைக்கவே கூடாது என்று தங்கை மகள் அதற்குப் பிறகுதான் சொன்னாள். இரத்தக்குழாய் சுருண்டு புடைத்த காலிலும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வைக்கக் கூடாதாம். பட்டறைக்காரரின் கெண்டைக்காலில் வைக்கப்போன என் கையை இழுத்துக்கொண்டேன்.

இதே சுகத்துக்கு வீட்டில் வேறு வழி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. மனைவி விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்த்து வெந்நீர் ஊற்றினாள், இரண்டு தொடைக்கும். சோதனை கெட்டுவிடும் என்று நான் கத்தியது எடுபடவில்லை. வலி இரண்டு மணி நேரம் தள்ளி நின்றது, இயந்திரத்தைவிட அதிகம். கைவிரல் தசையின் முடிச்சைத் தேடிப் போகும், இயந்திரம் போகாது. கடுமையான உடற்பயிற்சிக்குப் பின் வரும் வலிக்குச் செய்யும் பல வைத்தியங்களை ஒப்பிட்ட ஆய்வுகளிலும் கையால் பிடித்து விடுவதற்குத்தான் நல்ல மதிப்பெண் என்று தங்கை மகளும் சொன்னாள். அவளுடைய மாமியிடம் சொல்லாதே என்றேன்.

கொள்ளு ரசம் வைத்தால் உடம்பு வலி ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஓடுகிறதோ இல்லையோ, கொள்ளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு, ஆனால் ரசத்தில் இறங்குவது தெளிந்த தண்ணீர். பருப்பைக் கடைந்து சாப்பிட்டால்தான் கணக்கில் சேரும். நம் நாட்டுப் பரிந்துரை எடைக்கு ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். எனக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். என் சாப்பாட்டை ஒரு வாரம் கூட்டிப் பார்த்தேன், 45-ஐத் தாண்டவில்லை. கிழிந்ததை எதை வைத்துத் தைக்கும் உடம்பு? 2,799 ரூபாய்க்கு எத்தனை முட்டை என்று கணக்குப் போட்டேன். மகனிடம் சொல்லவில்லை.

ஐஸ் தண்ணீர்த் தொட்டி ஒன்றிலும் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு உடற்பயிற்சிக்கூடத்தில், வேறொரு நாள். வெள்ளியங்கிரியில் ஆண்டி சுனைத் தண்ணீர் இதற்குக் குறைந்ததில்லை, காசும் கிடையாது. குளிர் வலியை அடக்குகிறது, சந்தேகமில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் செய்து 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பன்னிரண்டு வாரம் எடைப் பயிற்சி செய்து ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் குளிர்நீரில் உட்கார்ந்தவர்களின் தசை, மெதுவாக சைக்கிள் மிதித்து ஓய்வெடுத்தவர்களின் தசையைவிடக் குறைவாகவே வளர்ந்தது. அதாவது பழுது பார்க்க வந்த ஆட்களையும் சேர்த்துக் குளிரில் விரட்டிவிடுகிறோம். அடுத்த நாளே போட்டி உள்ளவர்களுக்குத் தொட்டி சரி. உடம்பைப் பெருக்க நினைக்கிறவர்கள் தினமும் அதில் உட்காருவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் மீண்டும் வெள்ளியங்கிரி போனேன். ஐந்து வாரம் கழித்து. இடையில் ஒரு பயிற்சியும் செய்யவில்லை, அதே முக்காலி, அதே வேலை. இயந்திரத்தை வேண்டுமென்றே தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். விளக்கெண்ணெயும் கிடையாது, மனைவியிடம் சத்தியம் வாங்கினேன். அதே மூன்று பேர், அதே வழி, இறங்க அதே ஐந்து மணி நேரம். ஏறும்போது முன்பு போலவே நாக்கு வெளியே தள்ளியது, அதில் மாற்றமில்லை. செவ்வாய்க்கிழமை காலை பயந்துகொண்டே முக்காலியிலிருந்து எழுந்தேன். 3. இரண்டு தொடையும் 3. கடைப் படியில் முகம் முன்னே பார்க்க இறங்கி டீக்கடைக்குப் போனேன். பையனுக்கு ஏமாற்றம்.

"இப்படித்தான் ஆகும் மாமா" என்று தங்கை மகள் முன்பே சொல்லியிருந்தாள். தசையை ஒரே ஒரு முறை இப்படி இழுத்துவிட்டால், அடுத்த முறை அதே வேலைக்கு அது பாதி அளவுகூடக் கலங்குவதில்லை. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கிறது. கண்ணிகள் கூடுதலாகச் சேர்ந்து இழுப்பைப் பகிர்ந்துகொள்வதாகச் சிலர் சொல்கிறார்கள், இழைகளைச் சுற்றியுள்ள உறை கெட்டிப்படுவதாகச் சிலர், நரம்பு மண்டலம் வேலையை அதிக இழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதாகச் சிலர். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம் என்றாள். முதல் முறை போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கியிருந்தால் போதும், இவ்வளவு பட்டிருக்க வேண்டாம் என்றும் சொன்னாள். லிஃப்டில் ஏறி, படியில் இறங்க வேண்டும். நாம் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம்.

ஆக, வாங்கலாமா? இரவு தூக்கம் வராமல் கால் கடுக்கிறவர்கள், வலிக்கு மாத்திரை போட விரும்பாதவர்கள், வீட்டில் பிடித்துவிட ஆள் இல்லாதவர்கள் வாங்கலாம். ஐந்து நிமிடம் தட்டி, அந்த அரை மணி நேரத்துக்குள் தூங்கிப்போனால் காசுக்கு ஈடு. வாங்கினால் அசைவு 10 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், முடிந்தால் பாக்கெட்டில் வெர்னியரோடு போங்கள். தசை சீக்கிரம் தேறும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறவர்கள் காசை வைத்துக்கொள்ளுங்கள். நான் கொடுப்பது ஐந்துக்கு இரண்டரை. இரண்டு மோட்டாருக்கு, அரை என் பித்தளை புஷ்ஷுக்கு.

இப்போது அது என்னிடம் இல்லை. மனைவி எடுத்துக்கொண்டாள். மாவு பிசைந்த முன்கைக்கு இரண்டாவது வேகத்தில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறாள். "ஏனுங்க, சார்ஜ் ஏறமாட்டேன் என்கிறது" என்று நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தாள். சார்ஜர் செருகும் பின் ஆடுகிறது. சாயந்திரம் கடையில் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும்.